கஷ்டப்படாமல் யோசிப்பவள்

உழைப்பை அளக்கும் பட்டைகள் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது, அட்டைப்பெட்டியை நேராக என் அறையில் கொண்டுவந்து இறக்கினார்கள். நான் பி.டி. சார். கையில் கட்டுகிற எதுவாக இருந்தாலும் அது விளையாட்டுச் சாமான் என்பது எங்கள் தலைமையாசிரியையின் முடிவு. பெட்டியோடு சேர்த்து ரோபோ அணியையும் என் தலையில் கட்டிவிட்டார். எனக்கு ரோபோவைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். "உங்களுக்கு எதுக்குங்க சார் தெரியணும்? புள்ளைங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றார். கபடி அணியைக் கொடுத்தபோதும் இதையேதான் சொன்னார்.

பட்டை ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாநில இளையோர் ரோபோ லீக்கில் அதுவரை போட்டி போட்டுக்கொண்டிருந்தது பிள்ளைகள் இல்லை. அவர்களுடைய அப்பாக்கள், மாமாக்கள், வீட்டுக்கு வந்து ரோபோ செய்து கொடுத்துவிட்டுப் போகிற ஆட்கள். ஒரு வருஷம் முதல் பரிசு வாங்கிய ரோபோவை மேடையில் திருப்பிப் பிடித்தபோது, அதன் பின்பக்கத்தில் பழுதானால் அழைக்க வேண்டிய எண் ஒட்டியிருந்தது. பரிசு வாங்கிய மாணவன் அந்த ரோபோவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தானாம். லீக்காரர்கள் வெறுத்துப்போய் விதியை மாற்றினார்கள். ரோபோவின் ஆட்டத்துக்கு நாற்பது மதிப்பெண்தான். மீதி அறுபதும் பிள்ளைகளின் உழைப்புக்கு. ஒவ்வொரு மாணவருக்கும் உழைப்பின் வாரச் சராசரி நூற்றுக்கு அறுபதைத் தாண்ட வேண்டும். தாண்டாதவர் பெயர் அணியிலிருந்து எடுக்கப்படும், சான்றிதழும் கிடையாது. நாடித்துடிப்பு, வியர்வை, மூளை திணறுவது எல்லாவற்றையும் அந்தப் பட்டை மணிக்கட்டிலிருந்தே பிடித்துவிடும். நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன்.

எங்கள் தாராபுரத்து அணியில் நான்கு பேர், எல்லாரும் பதினொன்றாம் வகுப்பு. கோகுல்நாத் ஸ்பேனர் பிடிப்பவன். ஒரு போல்ட்டை முறுக்கினாலே அவன் பட்டை எண்பதைக் காட்டும். அஸ்கர் ஒயர் வேலை. பயந்த சுபாவம், சும்மா உட்கார்ந்திருந்தாலே எழுபது. பிரின்ஸி ரோபோவை ஓட்டுபவள். பேசிக்கொண்டே ஓட்டுவாள், அதனால் அவளுக்கும் நல்ல எண்தான். நான்காவது தாரணி. ரோபோவுக்கு மூளையாக இருக்கும் ப்ரோக்ராமை எழுதுவது அவள்தான். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பொரியைக் கொறித்துக்கொண்டே எழுதுவாள். நடுநடுவே வெளியே நிற்கும் வேப்பமரத்தைப் பார்ப்பாள். எழுதி முடித்ததை ஏற்றினால் ரோபோ ஓடும். அவ்வளவுதான். அவள் பட்டையில் ஏழு என்று இருந்தது.

பட்டை கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து என் கையில் கட்டிப் பார்த்தேன். ரோபோவின் கையேட்டில் முதல் பக்கத்தைப் படித்தேன். தொண்ணூற்றொன்று காட்டியது. பட்டையில் ஒரு குறையும் இல்லை.

லீக்கில் உழைப்பு அளவை அலுவலராக வசுமதி மேடம் என்று ஒருவர் இருந்தார். சென்னைக்குப் போன் போட்டேன்.

"மேடம், ஒரு புள்ளைக்கு ஏழுதான் காட்டுது. ஆனா வேலை பூரா அந்தப் புள்ளைதான் பாக்குது."

"என்ன வேலை சார்?"

"யோசிக்குதுங்க."

"யோசிக்கிறதையும் அளக்கும் சார். கஷ்டப்பட்டு யோசிச்சா கண்டிப்பா நம்பர் ஏறும்."

"கஷ்டப்படாம யோசிச்சா?"

"அது திறமை சார். திறமைக்கு இப்ப மார்க் இல்ல. திறமை பொறப்புல வர்றது, அதைப் பாராட்டினா மத்த பசங்க மனசு உடைஞ்சு போயிடும். உழைப்பு எல்லாருக்கும் பொது." நல்ல பெண்மணி. பொறுமையாகத்தான் சொன்னார். "அந்தப் பொண்ணு உண்மையிலேயே வேலை செய்யுதா, இல்ல வீட்டுல யாராவது எழுதிக் கொடுக்கறாங்களான்னு நீங்க பாத்தீங்களா சார்?"

தாரணியின் அப்பா பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருப்பவர். கொய்யாப்பழம் பற்றி அவர் நிறையச் சொல்வார். அதை மேடத்திடம் எப்படி விளக்குவது என்று தெரியாமல் போனை வைத்தேன்.

இதில் தாரணிக்கு என்ன நஷ்டம் என்றால், அவளுக்குப் பரீட்சையில் மதிப்பெண் வராது. கணக்கில் விடையை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடுவாள். வழிமுறை எங்கே என்று கேட்டால் முழிப்பாள். எது வழி, எதில் எழுத என்று உண்மையிலேயே அவளுக்குப் புரியாது. அதனால் பொறியியல் கல்லூரிக்குள் அவள் நுழைய ஒரே வாசல் இந்த லீக் சான்றிதழ்தான். அதற்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. மண்டலப் போட்டியில் அவள் எழுதிய மூளையால்தான் ஜெயித்தோம். திருச்சியில் நடக்கும் இறுதிப் போட்டிக்குள் அறுபது வராவிட்டால், அந்த மூளை மட்டும் அங்கே போகும். அவள் போகமாட்டாள்.

நானும் எனக்குத் தெரிந்த வழியெல்லாம் பார்த்தேன். மைதானத்தை ஓடவிட்டேன். பட்டை 'தொடர்பில்லாத உழைப்பு' என்று சிவப்பு விளக்கு போட்டது. இடது கையால் எழுதச் சொன்னேன். பக்கத்தில் பேண்டு வாத்தியக் குழுவை நிறுத்தி வாசிக்கச் சொன்னேன். பொரியைப் பிடுங்கி வைத்தேன். அதற்கு மட்டும் கொஞ்சம் அசைந்து பதினொன்று காட்டியது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அவள் பட்டையைக் கழற்றி என் அறை ஆணியில் மாட்டினாள்.

"கட்டினாலும் ஒண்ணுதானுங்க சார், கட்டாட்டியும் ஒண்ணுதான். நான் எழுதிக் குடுத்தர்றேன். இவிய போய்ட்டு வரட்டும்."

முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் பொரியைத் திருப்பிக் கொடுத்தும் அன்று முழுக்கத் தொடவில்லை. இருபது வருஷமாக "முயற்சி பத்தாது, இன்னும் முக்கு" என்று பிள்ளைகளை விரட்டியே சம்பளம் வாங்கியவன் நான். முக்காமலே தூக்குகிற ஒரு பிள்ளையை என்ன சொல்லித் திட்டுவது?

பிறகு ஒரு திங்கட்கிழமை லீக்கிலிருந்து செய்தி வந்தது. மாநிலத்திலேயே அதிக உழைப்பு காட்டிய மாணவி, தாரணி. சராசரி தொண்ணூற்றேழு. வாழ்த்துகள். அதற்குக் கீழே இன்னொரு வரி. அதே அணியின் மற்ற மூன்று மாணவர்களும் அறுபதுக்குக் கீழே இறங்கிவிட்டதால் எச்சரிக்கப்படுகிறார்கள்.

நான்கு பேரையும் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். ஆணியில் தொங்கிய பட்டையைக் காட்டினேன்.

"இதைக் கட்டுனது யாருடா?"

கோகுல்நாத்தான் முதலில் வாயைத் திறந்தான். "நான்தானுங்க சார். காலையில பெல் அடிக்கறதுக்கு முன்னால மட்டும்."

அஸ்கர் அவனைத் திரும்பிப் பார்த்தான். "நீயுமாடா? மத்தியானத்துல நானுங்க சார்."

"நல்லா வெச்சீங்கடா" என்றாள் பிரின்ஸி. "நான் ஒருத்திதான் கட்டறேன்னு நெனச்சு சாயங்காலம் பூரா உசுரக் குடுத்து முக்கிட்டு இருந்தேன்."

"உங்க பட்டையெல்லாம் எங்க?"

"பையிலீங்க சார்."

பட்டையைச் செய்தவர்கள் எல்லாத் திருட்டையும் யோசித்து வைத்திருந்தார்கள். நாய்க்குக் கட்டினால் தெரியும், மோட்டாரில் கட்டினால் தெரியும். தன் உழைப்பை எடுத்து இன்னொருத்தர் பெயரில் போடுவார்கள் என்று மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் வருகைப் பதிவுக்கு ப்ராக்ஸி கொடுத்துப் படித்தவர்கள் யாரும் அந்தக் கம்பெனியில் இல்லை போலிருக்கிறது. அதிலும் இதுகள் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் மூன்று பேர் உழைப்பை ஒரு பட்டையில் ஏற்றிவிட்டிருந்தன.

தாரணிக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். "நான் கேக்கலீங்க சார். என்ற பேருல இவிய எதுக்குங்க கஷ்டப்படணும்?"

"ஏன், நீ எழுதுனதுலதான நாங்க ஓட்டறோம்" என்றான் கோகுல்நாத். "உன்ற பேரு இல்லாம நாங்க மட்டும் எப்படி மேடையேறுறது? கூச்சமா இருக்காதா?"

திட்டுவதற்காக நிறையத் தயார் பண்ணி வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன். மூன்று பேரையும் அவரவர் பட்டையைக் கட்டிக்கொண்டு போய் வேலையைப் பார்க்கச் சொன்னேன். ஒரே வாரத்தில் மூன்றும் அறுபதைத் தாண்டிவிட்டன. மாட்டிக்கொண்ட பயத்திலேயே பாதி எண் ஏறிவிட்டது.

அதற்குள் வசுமதி மேடத்திடமிருந்து அடுத்த செய்தி. ஏழிலிருந்து தொண்ணூற்றேழுக்கு ஏறியது மாநிலத்துக்கே முன்மாதிரியாம். அதனால் இறுதிப் போட்டி அன்று தாரணி மேடையில் எல்லார் முன்னாலும் பட்டையைக் கட்டிக்கொண்டு, கொடுக்கப்படும் ஒரு கோளாறைப் பத்து நிமிடத்தில் சரிசெய்து காட்ட வேண்டும். பட்டையின் எண் பெரிய திரையில் தெரியும்.

"போச்சு" என்றான் அஸ்கர்.

"நான் போய் உள்ளத சொல்லிடறனுங்க சார்" என்றாள் தாரணி.

"சொல்லு. நாலு பேரு சான்றிதழும் போகும்" என்றேன். அது உண்மை. "கொஞ்சம் யோசிக்க விடு, கண்ணு."

யோசித்தேன். பட்டை கட்டியிருந்தால் எனக்குத் தொண்ணூறுக்கு மேல் காட்டியிருக்கும். அவளுக்கு எதுவுமே கஷ்டமில்லை என்றால், எது கஷ்டமாக இருக்கும்? கடைசியில் அகப்பட்டது. அடுத்த நாள் அவள் கையில் பட்டையைக் கட்டிவிட்டு பிரின்ஸியைக் கூப்பிட்டேன். ரோபோவின் கை ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்கச் சொன்னேன். தாரணி வாயைத் திறந்தாள். நான் கையைத் தூக்கினேன்.

"சொல்லாத."

"தெரியுமுங்க சார்."

"தெரியும்னுதான் சொல்லாதங்கறேன். தெரியாத மாதிரி உக்காரு."

"தெரிஞ்சத எப்படிங்க சார் தெரியாம வெச்சுக்கறது?"

"மூச்ச அடக்கறோமில்ல, அப்படி அடக்கு."

உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பட்டையில் இருபது, முப்பது, நாற்பத்தைந்து என்று ஏறியது. மற்ற மூன்று பேரும் கைதட்டினார்கள். தினமும் பயிற்சி கொடுத்தேன். அதுதான் எனக்குத் தெரிந்த வேலை. கபடிக்காரனுக்கு மூச்சை நீட்டிக் கொடுப்பது போல இவளுக்குப் பேசாமல் இருப்பதை நீட்டிக் கொடுத்தேன். முதல் நாள் முடிந்ததும் அழுதாள். நான்காவது நாள் அழவில்லை. எண் எண்பத்தைந்துக்கு வந்தது. அதில் யாருடைய ப்ராக்ஸியும் இல்லை, முழுக்க அவள் சொந்த உழைப்பு என்பதால் எனக்கும் மனசாட்சி ஒன்றும் உறுத்தவில்லை.

திருச்சியில் அரங்கம் நிறையக் கூட்டம். வசுமதி மேடம் நேரில் இன்னும் நல்ல மாதிரியாக இருந்தார். தாரணியின் தோளில் கை வைத்து, "பயப்படாதம்மா, வரலைன்னாலும் பரவாயில்ல, முயற்சி பண்ணு போதும்" என்றார். மேஜையில் ஒரு சின்ன ரோபோவை வைத்தார்கள். அதன் கை தூக்கவில்லை.

தாரணி குனிந்து ஒரு தடவை பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் எண் நாற்பதைத் தொட்டது, அறுபதைத் தாண்டியது. எழுபது வந்தபோது கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது. நெற்றியில் வியர்வை வழிந்தது. தொண்ணூற்றாறு வந்தபோது வசுமதி மேடம் கர்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

"எப்படிப் போராடுறா பாருங்க சார்."

"ஆமாங்க மேடம்" என்றேன்.

பத்தாவது நிமிடத்தில் ஒரு ஒயரைப் பிடுங்கி அடுத்த துளையில் செருகினாள். ரோபோவின் கை தூக்கியது. எப்படிம்மா இருந்துச்சு என்று மேடம் மைக்கை நீட்டினார். "ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுங்க மேடம்" என்றாள் தாரணி. எழுந்து நின்று கைதட்டினார்கள். அவள் பெயர் உறுதியாகிவிட்டது. கோகுல்நாத் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். எனக்கு அன்றைக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

இறுதி ஆட்டம் மட்டும்தான் பாக்கி. எங்கள் ரோபோவின் பெயர் கருப்பராயன். பந்துகளைப் பொறுக்கிக் கூடையில் போட வேண்டும். ஆட்டம் மொத்தமே இரண்டரை நிமிடம். முதல் நிமிடத்தில் கருப்பராயன் எதிரணியை விட எங்கேயோ முன்னால் போய்விட்டான். அப்புறம் திடீரென்று ஒரே இடத்தில் சுற்ற ஆரம்பித்தான். பிரின்ஸி எந்தப் பொத்தானை அழுத்தினாலும் சுற்றினான்.

"தாரணி, என்னடி ஆச்சு?"

தாரணி களத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். ஒரு தடவை ரோபோவைத் தொட்டுச் சரிசெய்ய விதியில் இடமுண்டு. கோகுல்நாத் துணியும் ஸ்பேனருமாக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தாரணி, சொல்லுடி."

அவள் சொல்லவில்லை. திரையில் அவள் பட்டையின் எண் ஏறிக்கொண்டிருந்தது. எழுபது, எண்பத்தைந்து, தொண்ணூற்றெட்டு. கூட்டம் அந்த எண்ணைப் பார்த்து ஆரவாரம் செய்தது. கருப்பராயன் சுற்றிக்கொண்டிருந்தான். எதிரணி நிதானமாக ஒவ்வொரு பந்தாக எடுத்துப் போட்டது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் அவள், "இடது சக்கரத்துப் பக்கம் சென்சார் கண்ணாடியில தூசி. தொடைச்சு விடு" என்றாள். கோகுல்நாத் துடைத்தான். கருப்பராயன் நேராகப் புறப்பட்டான். விசில் ஊதிவிட்டார்கள்.

ஆட்டத்தில் தோற்றோம். முதல் பரிசு எங்களுக்குத்தான். உழைப்பில் இருந்த இடைவெளி அவ்வளவு பெரிது. எங்களை ஜெயித்த அணியின் பயிற்சியாளர் வந்து கைகொடுத்துவிட்டுப் போனார். பட்டைகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு நான்கு சான்றிதழ் கொடுத்தார்கள். நான்கிலும் பெயர் சரியாக இருந்தது. மற்ற மூன்று பேரும் கோப்பையை மாற்றி மாற்றித் தூக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது தாரணியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"என்ன கோளாறுன்னு தெரியலையா, கண்ணு?"

"தெரிஞ்சுதுங்க சார்."

"எப்போ?"

"சுத்த ஆரம்பிச்ச ஒடனேயே."

"அப்புறம் ஏன் சொல்லல? பேரு போயிருமுன்னு பயந்தியா? அதான் மேடையிலயே முடிஞ்சு போச்சே."

"அதெல்லாம் நெனைக்கலீங்க சார்." அவள் குரலில் அழுகை இல்லை. யோசித்து யோசித்துச் சொன்னாள். "சொல்லலாமுன்னுதான் வாயத் தொறந்தேன். வரலீங்க."

ஏதாவது சொல்ல வேண்டும். அதற்குள் வசுமதி மேடம் வந்துவிட்டார். தாரணி மேடையில் உட்கார்ந்திருந்த பத்து நிமிடத்தையும் படம் பிடித்திருக்கிறார்களாம். அடுத்த வருஷம் எல்லாப் பள்ளிகளுக்கும் போட்டுக் காட்டப் போகிறார்களாம்.

"நீங்க என்ன மாதிரி பயிற்சி கொடுத்தீங்கன்னு ஒரு பக்கம் எழுதித் தாங்க சார். எல்லா பி.டி. சாருக்கும் அனுப்பிடலாம்."

"யோசிச்சு எழுதறேங்க மேடம்" என்றேன். இன்னும் எழுதவில்லை.

மறுநாள் திரும்பி வரும்போது வேனில் ஒரே கும்மாளம். கருப்பராயன் கடைசி சீட்டில், அஸ்கர் மடியில் கோப்பை. கரூரைத் தாண்டும்போது பிரின்ஸி முன்சீட்டிலிருந்து திரும்பிக் கேட்டாள்.

"தாரணி, அடுத்த வருசமும் நாம நாலு பேருந்தானடி?"

தாரணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பிரின்ஸி கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கோகுல்நாத் ஏதோ சொல்லச் சிரித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். நான் தாரணியையே பார்த்துக்கொண்டு வந்தேன். சின்னதாராபுரம் வந்தது. மத்தியான வெயிலில் ஒவ்வொருத்தராகத் தூங்கிப்போனார்கள். பிரின்ஸி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் குறட்டையே விட்டாள்.

மூலனூர் வரும் சமயம் தாரணி, "ஆமா" என்றாள்.

கேட்பதற்கு நான் மட்டும்தான் விழித்திருந்தேன். "சரி, கண்ணு" என்றேன்.